பழைய ஆயில் ஊற்றிப் போட்ட சந்து

எங்கள் சந்துக்குப் பெயர் கிடையாது. கானாவின் குமாசியில் மேகசீன் பட்டறைப் பேட்டை என்றால் லாரி வைத்திருப்பவர் எல்லோருக்கும் தெரியும். மேகசீனுக்குள் வந்து கியர்பாக்ஸ் வரிசைக்கு வழி கேட்டால் எங்கள் சந்தைக் காட்டி, "பாத்துப் போங்க" என்பார்கள். மழைக்காலத்தில் அதற்குள் டாக்ஸி இறங்காது. ஹர்மத்தான் காற்று வீசும் மாதங்களில் புழுதி அப்பிக்கொள்ளும். சாயங்காலம் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும்தான் என் நிறம் தெரியும். சந்தின் நடுவில் இருக்கிறது என் பட்டறை. என் பெயர் அட்டா.

சந்தின் மேல் முனையில் சாஃபோவா அக்காவின் இடம். கறுப்பு டிரம்களும் ஒரு தள்ளுவண்டியும் புனல்களும்தான் அவர் சொத்து. பட்டறை பட்டறையாகப் போய், எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை வாங்கி வருவார். சிமெண்டுக் கல் அறுப்பவர்கள் அச்சில் தடவ வாங்குவார்கள். தச்சர்கள் கறையானுக்குப் பயந்து மரத்தில் பூசுவார்கள். மிஞ்சியது டிரம்களில் கிடக்கும். அவர் எடுக்காததெல்லாம் சாக்கடைக்குப் போகும். மேகசீன் தொடங்கிய நாளிலிருந்தே அது அப்படித்தான்.

அக்காவின் வேலியை ஒட்டி ஒரு குன்று இருந்தது. நெடுஞ்சாலையைப் புதிதாகப் போட்டபோது சுரண்டியெடுத்த பழைய தாரை டிப்பர்களில் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறமும் அவ்வப்போது யாராவது கொட்டினார்கள். யாரும் கேட்கவில்லை. ஆடுகள் ஏறி நிற்கும்.

ஒரு ஹர்மத்தான் காலையில் அந்தக் குன்றின் அடியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குந்தியிருந்தார். ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தார். உடைத்தார். மறுபடி முகர்ந்தார்.

"என்னப்பா, தாரை மோந்து பாக்கற?" என்று அக்கா வேலிக்கு மேலிருந்து கேட்டார். "பசிக்குதுன்னா அந்தப் பக்கம் வாச்சே சோறு விக்கிறாங்க."

"பசி இல்லக்கா. இது எவ்வளவு கிழடா போயிருக்குன்னு பாக்கறேன்."

"மோந்தா வயசு தெரிஞ்சிருமா?"

"மோந்தா தெரியாது. உடைச்சா கொஞ்சம் தெரியும்." அவர் இன்னொரு கட்டியை உடைத்துக் காட்டினார். "பாருங்க, பிஸ்கட் மாதிரி உடையுது. புதுசா இருந்தப்ப இழுத்தா இழுபட்டிருக்கும். வெயிலும் காத்தும் இதுல இருந்த எண்ணெய்ப்பசையத் தின்னுடுச்சு."

அவர் பெயர் ஜாம்ஃபி. சாலை ஆய்வுக்கூடம் ஒன்றில் இன்ஜினியர். முப்பது வயதிருக்கும். கைகளைத் துடைத்துக்கொண்டு வேலிப் பக்கம் வந்தவர் அக்காவின் டிரம்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அதுல ஒரு டப்பா பழைய ஆயில் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"இந்தக் கிழவனுக்குத் தடவிப் பாக்க. இளகுதான்னு தெரியணும்."

அக்கா யோசித்தார். அந்த ஆயிலுக்கு அவருக்குத் தெரியாத ஒரு பயன் இருக்கிறது என்பதே அவரைத் தொந்தரவு செய்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். அப்போது இவ்வளவுதான் சொன்னார்: "தர்றேன். ஆனா தடவும்போது நான் கூட இருப்பேன்."

நெருப்பும் சம்மட்டியும் இருந்த இடம் என் பட்டறை. ஆகவே தடவும் வேலை அங்கே நடந்தது. ஜாம்ஃபி இரும்பு அச்சு ஒன்று கொண்டு வந்தார். பழைய தாரைச் சூடாக்கி, அச்சில் போட்டு, மேலிருந்து எடையை விட்டு விட்டு இடித்தார். வெளியே எடுத்தால் ஒரு கறுப்பு உருளை வரும். எங்கள் ஊர்ச் சோள மாவு உருண்டையை நினைத்து அக்கா அதற்குக் கறுப்புக் கென்கே என்று பெயர் வைத்தார்; எங்கள் சந்து முழுவதும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆயில் விடாத கென்கேயின் ஓரங்கள் விரல் பட்டதும் உதிர்ந்தன. கொஞ்சம் ஆயில் விட்டது கெட்டியாக நின்றது. இன்னும் நிறைய விட்டதைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அது சூப்பில் ஊறிய ஃபுஃபு களி மாதிரி சரிந்து கிடந்தது.

"ஹர்மத்தான்ல வறண்ட தோலுக்கு ஷியா வெண்ணெய் தடவற மாதிரி, அப்படித்தானே?" என்றார் அக்கா.

"ஏறக்குறைய அப்படித்தான்."

"ஏறக்குறையன்னா? எதுல வித்தியாசம்?"

ஜாம்ஃபி சிரித்தார். "எல்லாத்தையும் கேக்கறீங்க அக்கா."

"என் ஆயில். கேக்காம யாரு கேப்பா?"

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். லாரி ஆயிலும் கார் ஆயிலும் ஒன்றா? தண்ணீர் கலந்திருந்தால் என்ன ஆகும்? சூடு அதிகமானால் தீப்பிடிக்குமா? சிலவற்றுக்கு ஜாம்ஃபி பதில் சொன்னார். சிலவற்றுக்குக் கென்கே செய்து பார்த்தார்கள். தண்ணீர் கலந்த ஆயிலைச் சூடான தாரில் விட்டபோது அது பொங்கி அடுப்பில் வழிந்து, என் புருவத்தைக் கொஞ்சம் பொசுக்கியது. அன்றிலிருந்து ஆயிலை முதலில் தனியாகக் காய்ச்சினோம்.

கடைசியில் ஜாம்ஃபி, "இதை ரோட்டுல போட்டுப் பாக்கணும். உங்க சந்துலயே போடலாமா?" என்று கேட்டார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டு சோதனை ரோட்டுக்கு அனுமதி வாங்கியிருந்தார்.

சந்தில் எது நடந்தாலும் கியர்பாக்ஸ் வரிசையின் தலைவர் மாஸ்டர் அடோமாகோவைக் கேட்க வேண்டும். அவர் பெரிய உடம்புக்காரர். மெதுவாகப் பேசுவார், பேசினால் யாரும் குறுக்கிட மாட்டார்கள். குன்றையும் டிரம்களையும் கென்கேகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "என் கடை வாசல் வரைக்கும் வந்தா ஆள் தர்றேன். பாதியில நின்னா நான் கெட்டவனாயிருவேன்" என்றார்.

தாரையும் ஆயிலையும் கலக்க, பழைய லாரி அச்சில் சுழலும்படி ஒரு பெரிய டிரம்மை நான் செய்தேன். அடியில் பனங்கொட்டை ஓடுகளைப் போட்டு எரித்தோம். ஒரு தடித்த குழாய்க்குள் கான்கிரீட் நிரப்பி உருளை ஆக்கினோம். அதை இழுக்க மாஸ்டரின் ஆட்கள் வந்தார்கள். முதல் நாள் அக்காவின் வாசலிலிருந்து என் பட்டறை வரை மேல் பாதியைப் போட்டோம். மறுநாள், குன்றின் முன்பக்கம் தீர்ந்துபோனதால், பின்பக்கம் போய் அள்ளி, என் பட்டறையிலிருந்து மாஸ்டரின் கடை வரை கீழ்ப் பாதியைப் போட்டோம். ஆயில் அளவு ஒன்றே. டிரம் ஒன்றே. உருளை இழுத்த ஆட்களும் அவர்களே.

முடிந்ததும் மாஸ்டர் அடோமாகோ ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். திரும்பி வந்து, "சத்தமே வரல" என்றார். பள்ளத்தில் தண்ணீர் தெறிக்கிற சத்தத்தைச் சொன்னார் என்று நினைக்கிறேன். அவரிடமிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

பிறகு மார்ச் வெயில் வந்தது.

அந்த வெயிலில் ஒரு சனிக்கிழமை மாஸ்டரின் மாமனாருக்கு இறுதிச் சடங்கு. உறவினர்கள் எல்லோரும் மாஸ்டரின் கடை முன்னால் கூடி, சந்து வழியாகப் பெரிய ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம். முன்னால் மாஸ்டர், இடது தோளில் புதுக் கறுப்புத் துணி, காலில் அகலமான புதுத் தோல் செருப்பு. நான் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு காலையும் தூக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. ரோட்டின் மேல் எண்ணெய் மினுங்கியது. அப்போது அவர் வலது காலைத் தூக்கினார். கால் மட்டும் வந்தது, செருப்பு வரவில்லை. தடுமாறி இடது காலை எடுத்து வைத்தார். அந்தச் செருப்பும் அங்கேயே நின்றுவிட்டது. வெறுங்காலோடு சூடான தாரில் நின்ற மாஸ்டர் தோள் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே இருந்தார்.

எங்கள் ஊரில் ஒரு தலைவரைப் பதவியிலிருந்து இறக்கும்போது அவர் செருப்பைத்தான் கழற்றுவார்கள். அது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"மாஸ்டரை இறக்கிட்டாங்கப்பா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

துக்க வீட்டுக் கூட்டம் சிரித்தது. அவர் மனைவியே துணியால் வாயை மூடிக்கொண்டார். மாஸ்டர் தீயை மிதிப்பது போலத் தாவித் தாவி என் பட்டறைக்குள் வந்தார். நான் வாளித் தண்ணீரைக் கொடுத்தேன். காலை அதற்குள் வைத்துக்கொண்டு சந்தின் மேல் பாதியைப் பார்த்தார். அங்கே ஒரு மினுமினுப்பும் இல்லை. வறண்டு, கெட்டியாக, ஒரு நல்ல ரோடு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

"அந்தப் பக்கம் ஏன் உருகல?" என்றார்.



திங்கட்கிழமை பட்டறைக்காரர்கள் சங்கத்தின் தகரக் கூரைக்கு அடியில் கூட்டம் போட்டார்கள். மாஸ்டர் எழுந்து மெதுவாகப் பேசினார்.

"சாஃபோவா வாசல்ல ரோடு கல்லு மாதிரி இருக்கு. எங்க வாசல்ல ஷிட்டோ குழம்பு மாதிரி இருக்கு. நல்ல ஆயிலத் தன் பக்கம் ஊத்திட்டு, பெட்ரோல் கலந்த ஆயில எங்க பக்கம் ஊத்தியிருக்காங்க. வேற என்ன சொல்ல முடியும்?"

"ஒரே டிரம்முல இருந்துதான் எடுத்தேன், மாஸ்டர்" என்றார் அக்கா.

"அதை நீங்கதான் சொல்றீங்க."

கியர்பாக்ஸ் வரிசை அவருக்கு இனி ஆயில் தருவதில்லை என்று முடிவானது. அன்று மதியமே வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் போனபோது, ஒரு மெக்கானிக் அவர் கண் முன்னாலேயே டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். அக்கா திரும்பி வந்து, காலி டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிற மனுஷி. அன்று என் பட்டறைப் பக்கம்கூடத் திரும்பவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு ஜாம்ஃபி மறுநாள் வந்தார். முகம் வாடியிருந்தது.

"கீழ்ப் பாதியப் பேத்து எடுத்துட்டு, ஆயில் இல்லாம சாதாரணத் தார் போட்டுத் தர்றேன் அக்கா. பிரச்சன முடிஞ்சுரும்."

"முடியாது" என்றார் அக்கா. "ஏன் உருகுச்சுன்னு தெரியாம மேல மூடினா, அடியில நான் திருடின்னுதான் எழுதியிருக்கும். எனக்கு ஏன்னு தெரியணும்."

ஜாம்ஃபி தலையை ஆட்டினார். அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

முதலில் ஆயிலைத்தான் பார்த்தார்கள். அக்காவின் அந்த ஆயில் டிரம்மில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மெக்கானிக்குகள் பாகங்களைப் பெட்ரோலில் கழுவி, அதையும் ஆயில் டப்பாவிலேயே ஊற்றுவது உண்டு. ஆகவே மாஸ்டரின் சந்தேகம் அசட்டுத்தனமானது அல்ல. ஜாம்ஃபி ஆயிலை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனார். பெட்ரோல் இருந்தது, ஆனால் மிகக் கொஞ்சம். மேலும் அதே ஆயில்தான் மேல் பாதியிலும் போயிருந்தது.

அடுத்து அக்கா ஒன்று சொன்னார். "கியர்பாக்ஸ்காரங்க ரோட்டுமேலயே ஆயில் இறக்கறாங்க. அது ஊறித்தான் இளகியிருக்கு. அவங்க செஞ்சத என் தலையில போடறாங்க."

அது சரியாக இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. அக்கா சந்தோஷமாகக்கூட ஆகிவிட்டார். ஆனால் கீழ்ப் பாதியில் ஒரு பூட்டிய கடை இருக்கிறது. அதன் முன்னால் யாரும் வண்டி நிறுத்துவதில்லை. அங்கே போய் ஜாம்ஃபி கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"இங்க யாரு ஆயில் இறக்கினது?" என்றார்.

அக்கா அந்த விரல் தடத்தில் தன் விரலையும் வைத்து அழுத்திப் பார்த்தார். "சரி. நான் சொன்னது தப்பு" என்றார்.

என் பங்குக்கு நான், இரண்டாம் நாள் டிரம்மை அதிகமாகச் சூடாக்கிவிட்டேனோ என்று கேட்டேன். அதிகச் சூட்டில் தார் இன்னும் காய்ந்துதான் போகும், இளகாது என்றார் ஜாம்ஃபி. அவருடைய யோசனை நிழல். மேல் பாதியில் ஒரு வேப்ப மரம் இருக்கிறது. ஆகவே கீழ்ப் பாதியில் ஒரு பகுதிக்குத் தார்ப்பாய் கட்டிப் பார்த்தோம். நிழலில் கொஞ்சம் குறைவாக இளகியது, அவ்வளவுதான். மரத்து நிழல் எட்டாத மேல் பாதி வெயிலில் கல்லாகவே கிடந்தது.

நாங்கள் மூன்று பேரும் இப்படி ரோட்டில் மண்டியிட்டுக்கொண்டிருப்பதைக் கியர்பாக்ஸ் வரிசை வேடிக்கை பார்த்தது. "மழை வேண்டித் தொழுகையா?" என்று ஒருவர் கேட்டார். மாஸ்டர் மட்டும் கடைக்குள் இருந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டு பாதியிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வெட்டியெடுத்து, என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஜாம்ஃபி ஜல்லியின் அளவைப் பார்த்தார். நான் தடிமனைப் பார்த்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய ஸ்பூனால் கீழ்ப் பாதித் துண்டைக் கிளறிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினார்.

"தார்ல மஞ்சள் எதுக்கு?"

நகத்தளவு ஒரு மஞ்சள் சில்லு.

"ரோட்டுக் கோடு பெயிண்ட் அக்கா" என்றார் ஜாம்ஃபி, தலை நிமிராமல். "சுரண்டும்போது கோடும் சேர்ந்து வந்திருக்கும்."

"மேல் பாதித் துண்டுல வெள்ளதான் இருக்கு."

ஜாம்ஃபி நிமிர்ந்தார். அந்தச் சில்லை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். நாங்களும் போனோம். பூட்டிய கடை முன்னால் ஒரு மஞ்சள், மாஸ்டர் கடை முன்னால் இரண்டு. மேல் பாதியில் தேடியதில் வெள்ளை மட்டும்தான்.

"நெடுஞ்சாலையில நடுவுல மஞ்சள் கோடு உண்டா அட்டா?" என்று ஜாம்ஃபி கேட்டார்.

"கிடையாது. வெள்ளதான்."

"அப்ப இது எந்த ரோடு?"

அது எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்கக்கூடிய கேள்வி. டிப்பர் ஓட்டும் நாபாரி வடக்கே தாமலேக்காரர். வண்டியின் பின்கதவு உடையும்போதெல்லாம் என்னிடம்தான் வருவார். நாங்கள் மூவரும் தேடிப் போனபோது டிப்பரின் நிழலில் படுத்திருந்தார். குன்றின் பின்பக்கத்தில் கொட்டியது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"குப்பைக்கு ஊர் கேக்கறீங்களா? அடுத்து அதுக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"மஞ்சள் பெயிண்ட் இருக்கு நாபாரி. விளையாடாம சொல்லு."

அவர் எழுந்து உட்கார்ந்து யோசித்தார். "மஞ்சளா. அது லாரி நிலையத்துல இருந்து வந்தது. வண்டி நிக்கற கட்டம் எல்லாம் மஞ்சள்ல போட்டிருப்பாங்க. அருமையான தாரு அது. போட்டு ரெண்டு மழைகூடப் பாக்கல. அப்பறம் குழாய் பதிக்கணும்னு வெட்டி எடுத்துட்டாங்க. நான்தான் கொண்டாந்து கொட்டினேன். எனக்கே மனசு கேக்கல."

ஜாம்ஃபி டிப்பரின் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ரெண்டு மழைகூடப் பாக்கல" என்று திருப்பிச் சொன்னார்.

அக்காவுக்கு அதே கணம் புரிந்துவிட்டது. "அது கிழவனே இல்ல. வாலிபன். வேர்த்து வழியற மூஞ்சில நாம ஷியா வெண்ணெய் தடவியிருக்கோம்."

"நான் சோதனைக்கு எடுத்ததெல்லாம் முன்பக்கம்" என்றார் ஜாம்ஃபி. "பின்பக்கம் ஆட்டுப் புழுக்கையும் முள்ளும் கிடந்துச்சு. கைக்கு எட்டினதையே எடுத்துட்டேன். குன்று முழுக்க ஒரே ரோடுன்னு நெனச்சேன்."

"நான் கியர்பாக்ஸ்காரங்க மேல போட்டேன். மாஸ்டர் என் மேல போட்டாரு" என்றார் அக்கா. "ஆக மொத்தம் அந்தக் குன்ன ஒருத்தரும் சுத்திப் பாக்கல."

ஊகம் போதாது, செய்து பார்க்க வேண்டும். பட்டறைக்குத் திரும்பி, முன்பக்கத் தாரில் மிஞ்சியதையும் பின்பக்கத் தாரையும் தனித்தனியே எடுத்துக் கென்கேகள் இடித்தோம். அக்கா போய் மாஸ்டர் அடோமாகோவைக் கூப்பிட்டார். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று தெரியாது. மாஸ்டர் வந்தார், வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாஸ்டர். செருப்போட வரலாம்" என்றார் அக்கா.

மாஸ்டரின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. உள்ளே வந்தார்.

சுடுதண்ணீரிலிருந்து கென்கேகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜாம்ஃபி அவர் முன் வைத்தார். "கட்டை விரலால அழுத்துங்க."

முன்பக்கத் தார், ஆயில் விடாதது: உதிர்ந்தது. முன்பக்கத் தார், ஆயில் விட்டது: மாஸ்டரின் முழு பலத்துக்கும் அசையவில்லை. பின்பக்கத் தார், ஆயில் விட்டது: விரல் முதல் கணு வரை போனது. பின்பக்கத் தார், ஆயில் விடாதது: அசையவில்லை.

மாஸ்டர் அந்தக் கடைசி உருளையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை விட்டுவிட்டு இளகியதை எடுத்தார். மறுபடியும் அழுத்தினார். கோபமெல்லாம் எங்கோ போய், ஒரு புது கியர்பாக்ஸைப் பிரிக்கும் மெக்கானிக்கின் முகமாக இருந்தது அவர் முகம்.

"பாதி பழசும் பாதி புதுசும் கலந்தா? அப்ப எவ்வளவு ஆயில் விடறது?" என்று கேட்டார்.

ஜாம்ஃபி, "தெரியல. செஞ்சு பாக்கணும்" என்றார்.

"அப்ப செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கியர்பாக்ஸ் வரிசையின் ஆயில் டப்பாக்கள் எல்லாம் அக்காவின் வேலி ஓரமாக வரிசையாக இருந்தன. அக்கா வண்டியே தள்ள வேண்டியிருக்கவில்லை. டப்பாக்களில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: "பெட்ரோல் இல்லை". அதைப் பார்த்து அக்கா சிரித்தார். ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்தும் பார்த்தார்.

கீழ்ப் பாதியைப் பெயர்த்தெடுத்து, காய்ந்த பழைய தாரைத் தேடிக் கொண்டு வந்து கலந்து, மழைக்கு முன்னால் மறுபடி போட்டோம். இந்த முறை நாபாரி எங்கிருந்து அள்ளினார் என்று ஒவ்வொரு நடைக்கும் கேட்டோம். "போலீஸ்கூட என்ன இவ்வளவு கேட்டதில்ல" என்று அலுத்துக்கொண்டார். அந்த வருஷத்து ஏப்ரல் வெயிலில் ரோடு இளகவில்லை.

பிறகு மழை வந்தது. முதல் மழையில் தண்ணீர் ரோட்டிலிருந்து அழகாக வழிந்து ஓரத்துக்குப் போனது. ஆட்டோக்களும் டாக்ஸிகளும் சந்துக்குள் வந்தன. நாங்கள் எல்லோரும் கூரைக்கு அடியில் நின்று பார்த்தோம். ஓரத்தில் தேங்கிய தண்ணீரில் வானவில் மாதிரி நிறம் ஓடியது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாம்ஃபி வந்ததும், "இந்த ஆயில் தண்ணியில கலக்குதா?" என்று கேட்டார். "எஞ்சின் தேஞ்ச இரும்பு, ஈயம் எல்லாம் அதுல இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. கீழ ஒரு கிணறு இருக்கு. அந்தத் தண்ணியிலதான் வாச்சே சமைக்கறாங்க."

ஜாம்ஃபி குனிந்து அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார். "தார் அதைப் பிடிச்சு வச்சுக்கும்னு படிச்சிருக்கேன். இந்த ரோடு பிடிச்சு வச்சிருக்கான்னு தெரியாது."

கென்கேகளை மழைத் தண்ணீர் வாளிகளில் ஊறப் போட்டார்கள். ரோட்டின்மேல் வழியும் தண்ணீரைத் தனியாகவும், ஓரத்து மண்ணில் தேங்கும் தண்ணீரைத் தனியாகவும், கிணற்றுத் தண்ணீரைத் தனியாகவும் பிடித்து ஜாம்ஃபி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனார். முடிவு வரும்வரை கிணற்றில் இறைக்க வேண்டாம் என்று வாச்சேக்காரம்மாவிடம் அக்காவே போய்ச் சொன்னார். தன் ஆயிலைப் பற்றி ஊரில் மறுபடி பேச்சு கிளம்பும் என்று தெரிந்துதான் சொன்னார்.

வந்த முடிவு நாங்கள் யாரும் எதிர்பாராதது. ரோட்டின்மேல் வழிந்த தண்ணீரில் ஆயிலும் ஈயமும் மிகக் கொஞ்சம்தான் இருந்தன. கென்கே ஊறிய வாளிகளிலும் அப்படியே. ஓரத்து மண் தண்ணீரில்தான் அதைப் போலப் பல மடங்கு. அந்த வானவில் எங்கள் ரோட்டிலிருந்து வந்தது அல்ல. இத்தனை காலமாக நாங்கள் இறக்கிய ஆயிலைக் குடித்துக் குடித்து ஊறிப்போன எங்கள் மண்ணிலிருந்து வந்தது. கிணற்றிலும் அது கொஞ்சம் எட்டியிருந்தது.

மாஸ்டர் அடோமாகோ இதைக் கேட்டதும் கிணறு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த சங்கக் கூட்டத்தில், சாக்கடையில் ஆயில் ஊற்றுகிறவர் கடை முன்னால் ரோடு வராது என்று அறிவித்தார். வேறு தண்டனை எதுவும் சொல்லவில்லை. அது போதுமானதாக இருந்தது. கிணற்றை மூடினோம், குழாய்த் தண்ணீர் இணைப்புக்கு மாஸ்டரே அலைந்தார். மழை ஓய்ந்ததும் மாஸ்டரின் கடைக்கு அப்பால் இருந்த சந்தின் மிச்சத்தைப் போட்டோம். பக்கத்துச் சந்துக்காரர்கள் வந்து அளந்துகொண்டு போனார்கள்.

போன வாரம் ஜாம்ஃபி என் பட்டறையில் உட்கார்ந்து புது உருளை ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் கால் நீட்டி அமர்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஒன்று ஹர்மத்தான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"தண்ணியில போகலன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் அக்கா. "ஆனா வருஷக் கணக்கா டயர் தேச்சா ரோடு பொடியாகும்தானே. அந்தப் பொடி காத்துல போகும். அதை நாம மூச்சுல இழுப்போம். அதுல ஈயம் எவ்வளவு இருக்கும்?"

ஜாம்ஃபி இடிப்பதை நிறுத்தினார். பின்னந்தலையைச் சொறிந்தார்.

"அதை எப்படிப் பிடிச்சு அளக்கறதுன்னே எனக்குத் தெரியல அக்கா."

"அப்ப யோசிங்க" என்று சொல்லி அக்கா எழுந்து துணியைத் தட்டிவிட்டார். "நான் போய் சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வர்றேன். அட்டா, உனக்கு மீன் வேணுமா, முட்ட வேணுமா?"